பனி ஊருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு மாற்றல் உத்தரவு புதிய விஷயமல்ல. உத்தரவு வந்த அன்றே வீட்டில் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவோம். கிரைண்டர் வருமா, பீரோ வருமா, ஊஞ்சல் பலகையை யாரிடம் விட்டுப் போவது என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். நான் 1980களில் திருச்சியிலிருந்து தில்லிக்கு வந்தபோது என் ஸ்கூட்டரைக் கோணி சுற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தவன். ஆகையால் ‘இருப்பதை விட்டுவிட்டுப் போ’ என்று பிறருக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் மருமகள் மத்திய அரசு ஊழியர். அவளுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் சிம்லாவுக்கு மாற்றல் ஆயிற்று. என் மகனுக்குக் கணினி உத்தியோகம்; வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் அவனும் உடன் கிளம்பினான். அவனிடம் இரண்டே பேர் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஏழு வருட சேமிப்பில், ஒருவர் ஓட்டிய பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. தரையோடு தரையாகப் போகும், பின்சக்கர இயக்கம், அகலமான டயர்கள். ‘அதைத் தில்லியிலேயே விட்டுவிட்டுப் போயேன்’ என்று அவன் அம்மா சொன்னாள். ‘அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டா வந்தார்?’ என்று அவன் கேட்டான். எனக்கு உள்ளூரப் பெருமைதான். மலைப் பாதையில் என் பிள்ளை அந்தக் காரில் போவதை நம் சங்கத்து நண்பர்களிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் போனார்கள். அம்பாலா, கால்கா, பர்வானூ, சோலன் என்று சாலை நன்றாகவே இருந்ததாம். நவம்பர் வரை புகார் ஏதும் இல்லை. பொங்கலுக்கு நானும் மனைவியும் சிம்லா போனோம். மறுநாள், ‘பனி பார்க்க வேண்டும்’ என்று குழந்தை மாதிரி நான்தான் ஆசைப்பட்டேன். இரண்டு பேர்தான் போக முடியும் என்பதால் பெண்கள் வீட்டில் இருக்க, மகனும் நானும் குஃப்ரி வரை போனோம். பனி பார்த்தாயிற்று. பிற்பகல் நாலு மணிக்குத் தல்லியை நோக்கி இறங்கினோம். தேவதாரு மரங்களின் நிழல் விழுந்த ஒரு வளைவு. சாலை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. மகன் பிரேக்கில் கால் வைத்தான். பெடல் கடகடவென்று அதிர்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்த்தது. அப்புறம் ஒரு சத்தம். ஓரத்துக் கைப்பிடிச் சுவர் எங்களைத் தடுத்திருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். சுவருக்கு அப்பால் தெரிந்தவை மரங்களின் உச்சிகள்!

இருவருக்கும் அடி இல்லை. பின்னால் வந்த ஒரு சிறிய டாக்ஸிக்காரர் தன் வண்டியிலிருந்து கோணிப் பையும் மணலும் எடுத்து வந்து சக்கரத்துக்கடியில் போட்டு எங்களை நகர்த்திவிட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ‘சாகேப், இது கீழே ஓட வேண்டிய வண்டி’ என்று மட்டும் ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். மலைக்காரர்கள் ‘கீழே’ என்று சொன்னால் அது சமவெளி.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதை நான் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காய்ந்த தார்ச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 5 மீட்டரில் கார் நின்றுவிடும். பனிக்கட்டிப் படலத்தின் மேல் அதே கார் நிற்க 35 மீட்டர் வரை வேண்டியிருக்கும். அதுவும் சமதளத்தில்! பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவாக இருந்தால், அந்தப் படலத்தின் மேல் வண்டி நிற்கவே நிற்காது என்றுதான் கணக்கு சொல்கிறது. சறுக்காமல் தடுக்கும் நவீன பிரேக் இருக்கிறதே என்பார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

பிடிப்பு என்பது டயரில் இருக்கிறது. வெயில் காலச் சாலைக்கென்று செய்த டயரின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடுகிறது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும்; அதன் மேல் நுண்ணிய வெட்டுக்கள் நிறைய இருக்கும். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துளி போட்ட முத்திரைதான் அதற்கு அடையாளம். ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு என்று இருப்பதும் உண்டு. அந்த அளவுகளில் பனிக்கால டயர் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை. சங்கிலி மாட்டலாமே என்றால், அகன்ற டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சங்கிலிக்கு இடமில்லாத வண்டிகள் பல. அதோடு எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில், தள்ளுகிற சக்கரத்தின் மேல் பாரம் குறைவு. பெரிய எஞ்சினின் பலம் முழுதும் அந்த இரண்டு சக்கரத்துக்குப் போகும்போது, அவை பனியில் சுழலுமே தவிர நகராது. முன்சக்கரத்தில் இயங்கும் சாதாரணச் சின்னக் கார், எஞ்சினின் பாரம் அந்தச் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், நிதானமாக ஏறிப் போய்விடுகிறது.

இன்னொன்று. சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். எந்தப் பலத்துக்காகக் காசு கொடுத்தோமோ அதில் ஒரு பங்கு மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள பலத்தையும் காட்ட அங்கே சாலை ஏது? மால் ரோட்டையொட்டிய பல சாலைகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி போகவே கூடாது. வீட்டு வாசல் வரை கார் வருகிற வீடு கிடைப்பதும் அபூர்வம். என் மகனுடைய கார் சாலையோரத்தில், வீட்டுக்கு 140 படி மேலே நின்றது.

சட்டப்படியும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். பழைய ஊரின் போக்குவரத்து அலுவலகத்தில் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ், கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், புதிய மாநிலத்துக்கு வரி, பழைய மாநிலத்திலிருந்து மீதி வரியைத் திரும்பப் பெற மனு என்று அலைய வேண்டும். மாற்றல் உத்தியோகக்காரர்களுக்காக 2021 செப்டம்பரிலிருந்து ‘பாரத்’ வரிசைப் பதிவு எண் வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் அதைப் பெறலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. என் மருமகள் பெயரில் கார் இருந்திருந்தால் அது கிடைத்திருக்கும். மகனின் கம்பெனிக்கு அத்தனை மாநிலங்களில் அலுவலகம் இல்லை. இனி வாங்குகிறவர்கள் யார் பெயரில் வாங்குவது என்று யோசித்து வாங்குங்கள்.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பனி கொட்டும் ஐரோப்பாவில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டவில்லையா?’ என்று மகன் கேட்டான். ஓட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் எப்படி? ஜெர்மனியில் பனிச் சாலைக்குப் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அதைவிட முக்கியம், அங்கே 1997 முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பதிவுத் தகடு கிடைக்கிறது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று தகட்டிலேயே போட்டிருக்கும். இம்மாதிரிக் காரை வைத்திருக்கும் பலர் குளிர்காலத்தில் அதைக் கொட்டகையில் மூடி வைத்துவிட்டு வேறு வண்டியில் போகிறார்கள். பனியில் பிறந்து வளர்ந்தவர்களே அடங்கிப் போகிறார்கள். திருச்சி வெயிலில் வளர்ந்த நாம் எம்மாத்திரம்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆகவே என் கருத்து இதுதான். சிம்லாவோ ஸ்ரீநகரோ லேயோ, பனி விழும் ஊருக்கு மாற்றலானால், ஸ்போர்ட்ஸ் காரை உடன் கொண்டுபோகாதீர்கள். விற்க மனமில்லையென்றால் கீழே உறவினர் வீட்டில் விட்டுப் போங்கள். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஏப்ரலுக்கு மேல் ஏற்றி, அக்டோபர் முடிவதற்குள் இறக்கிவிடுங்கள். அங்கே புழங்க, தரையிலிருந்து உயரமுள்ள, முன்சக்கரத்திலோ நான்கு சக்கரத்திலோ இயங்கும் பழைய வண்டி ஒன்று போதும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள்; தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவிகிதம் பருத்து எஞ்சினையே பிளந்துவிடும். கடுங்குளிரில் பாட்டரியின் சக்தி பாதியாகக் குறையும் என்பதால் பழைய பாட்டரியோடு மலையேறாதீர்கள். இரவில் கை பிரேக்கை இழுத்து வைத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, போன முதல் வாரத்திலேயே அந்த ஊர் டாக்ஸிக்காரர் ஒருவரிடம், எந்த வளைவில் வெயில் படாது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

‘என் உழைப்பில் வாங்கியதை நான் ஏன் விட வேண்டும்?’ என்று இளைஞர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பிழைக்கப் போன இடத்தில் நமக்கென்று இருக்கும் ஒரு பெருமையை யாரும் எளிதில் விடுவதில்லை. ஸ்கூட்டரைச் சுமந்து வந்த எனக்கு இது தெரியாதா? ஆனால் என் ஸ்கூட்டர் தில்லிச் சாலையில் ஓடியது. அது எனக்கு உதவியது. நான் அதற்கு ஊழியம் செய்யவில்லை. சுதந்திரத்துக்கு முன், கோடைதோறும் தில்லி அலுவலகங்கள் சிம்லாவுக்கு மாறிய காலத்தில், கால்காவிலிருந்து சின்ன ரயிலில் மலையேறிய குமாஸ்தாக்கள் கோடையில் போய்க் குளிருக்கு முன் இறங்கிவிட்டார்கள். மலையில் எதை எப்போது செய்வது என்று ஒரு முறை இருக்கிறது. ஊரோடு ஒட்டி வாழ் என்பது மனிதர்களுக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் பொருந்தும்.

இப்போது அந்தக் கார் தில்லியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. இடது பக்கம் நசுங்கியதைச் சரிசெய்தாயிற்று. வாரம் ஒரு முறை நானே உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வருகிறேன். மகன் மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து ஓட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும். வருத்தப்பட அவன் இருக்கிறானே, அது போதும்.

பனி ஊர்களில் குளிர்காலம் கழித்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களும் தங்கள் அனுபவத்தை இந்த இதழில் எழுதினால், அடுத்த மாற்றல் உத்தரவு யார் கைக்கு வருகிறதோ அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.