சத்தத்தைக் கேட்டு எண்ணெய் மாற்றலாமா?

பெரியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் நின்று விட்டால் மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களின் கடைமடையில் ஆயில் எஞ்சின்கள் பேசத் தொடங்கி விடும். நெல் பால் பிடிக்கும் நேரம். கிணற்றிலோ கண்மாய்ப் பள்ளத்திலோ கிடக்கிற தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும். இலவச மின் இணைப்பு உள்ளவர் சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இணைப்புக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவருக்கும், எஞ்சினை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டு போகிறவருக்கும் டீசல்தான் கதி.

ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று காதைச் சாய்த்து, "கரகரன்னு வருதே, ஆயிலை மாத்துப்பா" என்று ஒருவர் யோசனை சொல்வார். "சத்தம் நல்லாத்தாண்ணே இருக்கு, அறுப்பு முடியட்டும்" என்று உடையவர் பதில் சொல்வார். ஊருக்கு ஊர் நடக்கிற பேச்சு இது. இருவருமே சத்தத்தை வைத்து எண்ணெயைக் கணக்கிடுகிறார்கள். அதனால் இருவர் கணக்கும் தவறுகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. உள்ளே பீய்ச்சிய டீசல் உடனே பற்றுவதில்லை. ஒரு கணம் தயங்கி, சேர்ந்ததெல்லாம் ஒன்றாகப் பற்றிக் கொள்கிறது. 'கட கட' என்று கேட்பது அந்த அடிதான். காலைக் குளிரில் தயக்கம் அதிகம், ஆகவே சத்தமும் அதிகம். சூடேறியதும் குறையும். இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

1980-களில் வந்த டீசல் அம்பாசிடர் கார் மதுரைத் தெருவுக்குள் நுழைந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்றைய டீசல் கார் அப்படிக் கத்துவதில்லை. முதலில் சிறு துளி டீசலைப் பீய்ச்சிப் பற்ற வைத்து, அதன் பிறகே மிச்சத்தைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. அடி மெதுவாக விழுகிறது, அவ்வளவே. சத்தமில்லாத காரிலும் எண்ணெய் கெட்டுப் போயிருக்கலாம். சத்தம் போடும் ஆயில் எஞ்சினில் நேற்று மாற்றிய நல்ல எண்ணெய் இருக்கலாம்.

காதுக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. நேற்று வரை இல்லாத புதுத் தட்டல், பாரம் ஏறும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று வந்தால், எஞ்சினை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். பேரிங் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் அழுத்தம் விழுந்திருக்கலாம். எண்ணெயின் குறை காதுக்கு எட்டும்போது காரியம் கைமீறியிருக்கும். அதற்குப் பின் மாற்றுகிற எண்ணெய், செத்த மாட்டுக்கு வைத்த தவிடு.

நிறத்தையும் நம்பக் கூடாது. டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டினாலே கறுத்துப் போகும். பார்த்தவுடன் "போலி ஆயிலைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கரியைப் படிய விடாமல் தன்னிடம் ஏந்திக் கொள்வது எண்ணெயின் வேலை. கறுப்பு அந்த வேலை நடப்பதைத்தான் காட்டுகிறது. அளவு குச்சியில் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் நெருநெருத்தால் தூசி இறங்கியிருக்கிறது. ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் டீசல் ஒழுகிச் சேர்ந்திருக்கிறது. "என் எஞ்சின் சொட்டு ஆயில்கூடக் குடிப்பதில்லை" என்று பெருமைப்படுகிறவர் இந்தக் கடைசி அடையாளத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாசில் ஒழுகி எண்ணெய் நீர்த்துப் போனால் பேரிங் நிற்காது.

அப்படியானால் எதைக் கொண்டு கணக்கிடுவது? ஓடிய மணியைக் கொண்டுதான். டிராக்டருக்குக் கையேடுகள் பெரும்பாலும் முதல் மாற்றத்தை 50 மணியிலும், பிறகு 250 மணிக்கு ஒரு முறையும் சொல்கின்றன. சில புதிய எஞ்சின்களுக்கு இன்னும் கூடுதல். அவரவர் கையேட்டில் உள்ளதே சட்டம். எண்ணெயோடு பில்டரையும் மாற்ற வேண்டும். பழைய பில்டரை விட்டுவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியை உடுத்துவது போல.

மணியை யார் எண்ணுவது என்று அலுத்துக் கொள்கிறார்கள். எண்ணாமலா இருக்கிறார்கள்? சொந்த டிராக்டரைப் பக்கத்துக் காட்டுக்கு வாடகைக்கு விடுகிறவர் கால் மணியைக்கூட விடாமல் நோட்டில் எழுதுகிறார். வேளாண் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு விடுகிறது. வாடகை வாங்குவதற்கு எழுதிய மணிகளை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எண்ணெய்க் கணக்கு தானாக வந்துவிடும். சொந்தக் காட்டில் உழுத மணியையும் அதே நோட்டில் சேர்க்க வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை, கூலி வராத வேலை என்பதால். டிராக்டரில் மீட்டர் இருக்கிறதே என்றால், பழைய மாடல்களில் அது எஞ்சின் சுழற்சியை வைத்து எண்ணுவது. மெதுவாக ஓட்டினால் கடிகாரத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

ஆயில் எஞ்சினில் மீட்டரே இல்லை. அதற்கு டீசல் கேன் போதும். 5 குதிரை சக்தி எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் குடிக்கும். 20 லிட்டர் கேன் ஒன்று தீர்ந்தால் சுமார் 20 மணி ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். மோட்டார் கொட்டகைச் சுவரில் கேனுக்கு ஒரு கரிக்கோடு இழுத்து வந்தால் போதும். 250 மணிக்கு மாற்ற வேண்டிய எஞ்சின் என்றால் 12 கோட்டில் எண்ணெய் மாற்றும் நாள். மாறுவது மூன்று, நான்கு லிட்டர் எண்ணெய்தான். லைனரும் பேரிங்கும் போனால் ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. அந்த நேரத்தில் பயிருக்குத் தண்ணீரும் இராது.

மணிக்கணக்கு வேண்டாம், கிலோமீட்டர் போதும் என்று எண்ணக் கூடியது காரும் 'குட்டி யானை' வண்டியும். அங்கும் ஏமாற்றம் உண்டு. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றலாம் என்று சொல்லியிருக்கும் வண்டியை நாலு வழிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அது 200 மணி. கிராமத்து ரோட்டில், பாரத்தோடு, 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 500 மணி. விடியற்காலையில் மல்லிகைப் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நேரத்துக்குக் கிலோமீட்டரே ஏறாது, எண்ணெய் மட்டும் தேயும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய் வருவதிலும் எஞ்சின் முழுச் சூடு பிடிப்பதில்லை. எண்ணெயில் சேர்ந்த ஈரமும் டீசலும் ஆவியாகாமல் தங்கி விடுகின்றன. கையேட்டின் பின்பக்கத்தில் 'கடின உபயோகம்' என்று குறைந்த இடைவெளி ஒன்று தந்திருப்பார்கள். நம் ஊர் ஓட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேரும்.

அந்தக் காலத்து அப்பாமார்கள் அடிக்கடி எண்ணெய் மாற்றினார்களே என்றால், அதற்கும் காரணம் இருந்தது. 1990-களின் முற்பகுதி வரை இங்கு விற்ற டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. அது எரிந்து அமிலமாகி எண்ணெயைக் கெடுத்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது பழைய வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கோடைப் புழுதி குறையவில்லை. வைக்கோல் கட்டும் வேலைக்கோ புழுதி உழவுக்கோ போகிற வண்டியில் ஏர் பில்டரை அன்றாடம் பார்க்காமல், எண்ணெய் மட்டும் விலை உயர்ந்ததாக ஊற்றுவது வீண்.

இந்தப் பாட்டையெல்லாம் விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மானியத்தில் கொடுக்கும் எஞ்சினிலும் பவர் டில்லரிலும் மணி மீட்டர் ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும். அதன் விலை எஞ்சின் விலையில் சொற்பம். கையேடும் படிக்கக் கூடிய தமிழில் வர வேண்டும். பொடி எழுத்து ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, "கையேட்டைப் பார்க்கவில்லையா?" என்று ஒர்க் ஷாப்பில் கேட்பது பொருந்தாது.

சத்தத்தை நம்புகிற பழக்கத்தால் பெருநஷ்டம் வருவது பழைய வண்டி வாங்கும்போதுதான். தேய்ந்த எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் சில நாள் அடக்கிக் காட்டி விற்கும் வித்தை பழையது. நகை அடகு வைத்த பணத்தோடு போகிறவர், "எஞ்சின் சும்மா பட்டு மாதிரி ஓடுது பாருங்க" என்பதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்து விடக் கூடாது. காலையில், வண்டியைச் சூடேற்றி வைக்கும் முன்பே போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினைத் தமக்கு முன்னால் எடுக்கச் சொல்ல வேண்டும். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக எண்ணெய் மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். பில் இல்லை என்றால், மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்ப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.