ஒரு பக்கச் சில்லும் 'பாஸ்' வேலையும்

பழைய சைக்கிள் ஒன்றுக்கு மோட்டர் பூட்டப்போறம், பின் சில்லை ஒரு பக்கத்தால் மட்டும் தாங்க வைக்கப்போறம் என்று சொன்னோம். வெள்ளவத்தையில் எங்கட வீடுகளில் வந்த பதில் இரண்டு. ஒன்று, "விழுந்து மண்டை உடையும்." மற்றது, "படிக்கிற பிள்ளையளுக்கு ஏன் இந்த பாஸ் வேலை?"

முதலாவது நியாயமான பயம். ஆனால் காலி வீதியில் நிற்கிற ஓட்டோ ஒன்றின் பின் சில்லைக் குனிந்து பாருங்கோ. உள்பக்கம் மட்டும்தான் பிடி, வெளியில் ஒன்றும் இல்லை. 1946இல் வந்த வெஸ்பாவின் முன் சில்லும் அப்படித்தான். அதை வடிவமைத்த கொரடினோ டஸ்கானியோ விமானப் பொறியியலாளர். விமானம் தரையிறங்கும் சில்லின் பிடியை ஸ்கூட்டருக்குக் கொண்டுவந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளின் முன் சில்லுக்கும் பிடி ஒரு பக்கம்தான்.

ஆக, முடியுமா என்பது கேள்வியே இல்லை. அச்சு எவ்வளவு மொத்தம் என்பதுதான் கேள்வி. ஆளும் வண்டியும் சேர்த்து 110 கிலோ என்று வையுங்கோ. பின் சில்லில் 66 கிலோ இறங்கினால் ஏறத்தாழ 650 நியூட்டன். சில்லின் நடு, பிடியிலிருந்து 6 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் திருப்பம் 39 நியூட்டன் மீற்றர். குழியில் விழுந்தால் மூன்று மடங்கு என்று எடுப்பம்: 117. இது 12 மில்லிமீற்றர் அச்சில் தரும் தகைப்பு சுமார் 690 மெகாபஸ்கால். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 அளவிலேயே வளைந்து, வளைந்தபடி நின்றுவிடும். விட்டத்தை 24 ஆக்கினால் தகைப்பு எட்டில் ஒன்றாகும்: 86. பயம் அவ்வளவுதான், விட்டத்தில் தீருது.

இரண்டாவது பதில்தான் எங்களுக்குக் கோபம்.

திருப்பமும் தகைப்பும் உயர்தரப் பௌதிகவியலில் இருக்கு. அதுக்காக விடிய ஐந்து மணிக்கு ரியூசனுக்கு ஓடினோம். ஆனால் லேத் ஒன்றைத் தொட்டவர் எங்களுக்குள் ஒருத்தரும் இல்லை. அந்த 24 மில்லிமீற்றர் அச்சை, பெயரிங் இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் கடைந்து தரக்கூடியவர் பஞ்சிகாவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பட்டறையில் நிற்கிறார். அவரை 'பாஸ்' என்று கூப்பிடுவோம், வீட்டுக்கு வந்தால் கதிரை குடுக்க யோசிப்போம். எங்கட ஆக்கள் பொறியியலாளர் என்ற பட்டத்தைக் கும்பிடுகினம், பொறியைத் தொட்ட கையை அருவருக்கினம்.

2022 ஞாபகம் இருக்கா? பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. வீட்டு மூலையில் துருப்பிடிச்சுக் கிடந்த சைக்கிள்களை அப்ப ஓட வைச்சது எந்தப் பட்டம்? கிறீஸ் பிடிச்ச கைகள்தான்.

பட்டறைக்காரருக்குக் கணக்கை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. எங்களுக்கு வேலையை ஒருத்தரும் காட்டேல்லை. இரண்டு பேருக்கும் நட்டம். இதைப் பெற்றோர் தலையில் மட்டும் போட்டுத் தப்ப ஏலாது. வளர்ந்த பிறகும் பட்டறைப் படியை மிதிக்காமல் இருந்தது நாங்கள்தான்.

எங்கட அச்சு இன்னும் முடியேல்லை. முடிஞ்சாலும் முதலில் மணல் மூட்டை ஏற்றித்தான் சோதிப்பம், ஆள் பிறகு. அதுவரை ஒரு சனிக்கிழமை ரியூசனை விட்டிட்டு, பக்கத்துப் பட்டறைக்குப் போங்கோ. "அண்ணே, இதை எப்படிக் கடையிறது?" என்று கேளுங்கோ.