ராஜேந்திர சோழன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டுமா?

குற்றாலத்தில் சாரல் நேரம். என்னிடம் படித்த பையன் (அவனே இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்) செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் வெளியிட்ட ராஜேந்திர சோழன் நாணயம். கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு நினைவு.

"வாங்கிட்டியாடே?"

"ஆயிரம் ரூவா காசு சார். விக்கிற விலை அதுக்கும் மேல. நமக்கெங்க?"

அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

செலவழிக்க முடியாத காசை எதற்காகக் காசு என்கிறீர்கள்? பதக்கம் என்று சொல்லிவிட்டுப் போங்களேன். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் ஆயிரம் ரூபாய் நாணயம் போட்டார்கள், கூடவே ஐந்து ரூபாயும் போட்டார்கள். அந்த ஐந்து ரூபாயை வகுப்பில் கைக்குக் கை மாற்றிவிட்டு ராஜராஜன் பாடம் நடத்தலாம். மகனுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

வெள்ளைக்காரனுக்குக்கூட இது தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது ஆறாம் ஜார்ஜின் முகம் சந்தைக்கடை வரைக்கும் புழங்கியது. யோக்கியதையைச் சொல்லவில்லை. 1940இல் ரூபாயின் வெள்ளியை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு அளவிலிருந்து பாதியாகக் குறைத்தான், ராஜா முகம் மட்டும் அப்படியே பளபளத்தது. (குற்றாலத்துக் கடையில் அதைச் 'சுத்த வெள்ளி' என்று நீட்டினால் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள்.) 1943இல் செம்பை மிச்சம்பிடிக்கக் காலணாவுக்கு நடுவில் ஓட்டை. ராஜா தலைக்கு இடமில்லை, கிரீடம் மட்டும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். என் அம்மா அதைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். போர்க்காலம் எப்படிப்பட்டது என்று அந்த ஓட்டைதான் எனக்குச் சொன்னது.

நாணயம் சேகரிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். வெள்ளியில் போடட்டும், பெட்டியில் வைத்து விற்கட்டும். அதே அச்சில் ஒரு ஐந்து ரூபாயும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கொடுக்கும் மீதிச் சில்லறையில் ராஜேந்திரன் வரட்டும். திருப்பிப் பார்க்கிற பிள்ளை, "யாருப்பா இது?" என்று கேட்கும்.

நம் மாவட்டத்து நெற்கட்டும்செவல் பூலித்தேவனுக்கும் நாணயம் வேண்டும் என்று நாளைக்கு யாராவது கேட்கலாம். நானே கேட்பேன். நவாபுக்குக் கிஸ்தி கட்ட மாட்டேன் என்று எதிர்த்து நின்ற மனிதர். அவரையும் ஆயிரத்துக்கு மேல் விலை வைத்துப் பெட்டியில்தான் விற்பீர்கள் என்றால், தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்.