ரெண்டாவது சங்கு

ஒரு சின்ன கற்பனை ஃப்ரெண்ட்ஸ். ப்ளஸ் டூ முடிச்சுட்டீங்க. அமெரிக்காவுல அதுக்கே அங்கி, தொப்பியோட பட்டமளிப்பு விழா உண்டு. விழா முடிஞ்சு, குடும்பத்தோட வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா கிச்சன்ல. அப்பா டி.வி. முன்னாடி. தங்கச்சி உங்க தொப்பியை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிறா. அப்போ ஊர் முழுக்கச் சங்கு ஊதுது.

நீங்க என்ன செய்வீங்க?

மிசௌரி மாகாணத்துல ஜாப்ளின்னு ஒரு ஊர். ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்துல பட்டமளிப்பு விழா. அதே சாயங்காலம் 5.11-க்கு முதல் சங்கு ஊதுச்சு. டொர்னேடோ எச்சரிக்கை!

நம்ம ஊர் புயல் கடல்ல உருவாகி, பேரு வெச்சு, துறைமுகத்துல கூண்டு ஏத்தி, ரெண்டு மூணு நாள் டைம் கொடுத்துட்டு வரும். டொர்னேடோ அப்படி இல்லை. இடிமேகத்துலேர்ந்து தரையைத் தொடுற சுழல்காத்து அது. கிடைக்கிறது நாள் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்குதான்.

சரி, சங்கு கேட்ட ஜனங்க என்ன செஞ்சாங்க? அதுக்கப்புறம் அரசு நிபுணர்கள் ஊருக்குள்ள போய், பிழைச்சவங்ககிட்ட இதையே கேட்டாங்க. நிறைய பேர் முதல் சங்குக்கு உடனே ஒளியலை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாங்க. டி.வி.யைப் போட்டாங்க. தெரிஞ்சவங்களுக்கு போன் அடிச்சாங்க. காரணம் திமிர் இல்லை பாஸ். அந்த ஊர்ல சங்கு அடிக்கடி ஊதும், ஒண்ணும் வராது. 'புலி வருது' கதைதான். போதாக்குறைக்கு அன்னிக்கு டொர்னேடோவை மழை போர்த்தி மூடியிருந்துச்சு. வாசல்ல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சது வெறும் கறுத்த மழைதான்.

5.38-க்கு ரெண்டாவது சங்கு. அடுத்த சில நிமிஷத்துல அது ஊருக்குள்ள நுழைஞ்சாச்சு.

இப்ப மறுபடியும் உங்க வீட்டுக்கு வாங்க. அந்த ஊர்ல பெரும்பாலான வீட்டுக்கு நிலவறை கிடையாது. அப்போ எங்கே ஓடுவீங்க? ஜன்னலே இல்லாத நடு அறை, இல்லைன்னா பாத்ரூம். தங்கச்சியைக் குளியல் தொட்டிக்குள்ள தள்ளி, மேல மெத்தையைப் போட்டு, அதுக்கு மேல அப்பாவும் நீங்களும். சரக்கு ரயில் வீட்டுக்குள்ள வர்ற மாதிரி சத்தம். காது அடைக்குது. அம்மா ஏதோ கத்துறாங்க, கேட்கலை. அப்புறம் ஒரே அமைதி. மெத்தையை விலக்கினா கூரை இல்லை, நேரா வானம்!

அன்னிக்கு காத்து வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல. செத்துப்போனவங்க 161 பேர். 1950-லேர்ந்து அமெரிக்கா பார்த்த டொர்னேடோக்கள்லயே அதிக உயிரை வாங்கினது இதுதான். உயிருக்குப் போராடறவங்களைக் கொண்டுபோக வேண்டிய ரெண்டு பெரிய ஆஸ்பத்திரியில ஒண்ணு அதுவே சிதைஞ்சு நின்னுச்சு.

இனிமேதான் கவனிக்க வேண்டிய விஷயமே இருக்கு.

எச்சரிக்கைக்கு ரெண்டாவது சங்கு வேணும்னு காத்திருந்த அதே ஜனங்க, உதவிக்கு எந்தச் சங்குக்கும் காத்திருக்கலை. பெயர்ந்து விழுந்த கதவையே ஸ்ட்ரெச்சர் ஆக்கினாங்க. யார் வண்டி ஓடுச்சோ, அது ஆம்புலன்ஸ். மதியம் பட்டம் கொடுத்த அதே பல்கலைக்கழக வளாகம், ராத்திரி வீடு இழந்தவங்களுக்கு முகாம். அப்புறம் தன்னார்வலர்களை ஒருங்கிணைச்ச இடமும் அதுதான். வெளியூர்லேர்ந்து வந்து கை கொடுத்தவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. அதுல காலேஜ் பசங்க எக்கச்சக்கம். காத்துல பறந்துபோன குடும்ப போட்டோக்களைப் பொறுக்கி, துடைச்சு, உரியவங்களைத் தேடிக் கொடுக்கவே ஒரு கூட்டம் உட்கார்ந்துச்சு. வீடே போனவங்களுக்கு ஒரு கல்யாண போட்டோ திரும்பக் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

உயர்நிலைப் பள்ளி தரைமட்டம். 'வழக்கமான தேதியில ஸ்கூல் திறக்கும்'னு கல்வி அதிகாரிகள் அறிவிச்சப்ப நம்பினவங்க எத்தனை பேரோ. ஆனா ஆகஸ்ட் 17, சொன்னபடி திறந்தாங்க. பதினொண்ணாவது, பன்னிரண்டாவது பசங்களுக்கு ஷாப்பிங் மால்ல காலியா கிடந்த ஒரு பெரிய கடைதான் கிளாஸ் ரூம்! 2012-ல அவங்க பட்டமளிப்பு விழாவுக்கு வந்து பேசினவர், அப்போதைய ஜனாதிபதி ஒபாமா. 2014-ல புதுப் பள்ளியும் ரெடி. ஊர்ப் பள்ளிகள்ல இப்போ டொர்னேடோவைத் தாங்குற பாதுகாப்பு அறைகள் இருக்கு.

ஒரு சின்ன சமாச்சாரம் சொல்லி முடிச்சுக்கறேன். இடிஞ்ச பள்ளியோட பெயர்ப் பலகையில 'ஜாப்ளின்'ங்கிற ஆங்கில எழுத்துகள்ல 'ஓ'வும் 'பி'யும் மட்டும் மிஞ்சி இருந்துச்சு. யாரோ டேப் ஒட்டி, முன்னாடி ஒரு 'ஹெச்', பின்னாடி ஒரு 'ஈ' சேர்த்துட்டாங்க. 'ஹோப்' உயர்நிலைப் பள்ளி. அதாவது, நம்பிக்கைப் பள்ளி. அந்தப் பலகையை போட்டோ எடுக்காத பத்திரிகைக்காரங்க கம்மி.

நல்ல கதைதான். ஆனா பலகையை மட்டும் பார்த்துட்டு, அந்த முதல் சங்கை மறந்துடாதீங்க. மழையோ, புயலோ, ஹாஸ்டல் ஃபயர் அலாரமோ... 'எப்பவும் அடிக்கறதுதானே மச்சி'னு சொல்ல ரூமுக்கு ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அன்னிக்கு முதல்ல எழுந்து செருப்பை மாட்டுற ஆள் நீங்களா இருங்க. ஒண்ணும் நடக்கலைன்னா நாலு பேர் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே. கிண்டல் பண்ண நாலு பேரும் பத்திரமா இருக்காங்கல்ல!