அரசர் நிழலில் வளர்ந்த சாஸ்திரம்

இஸ்லாமிய உலகில் விஞ்ஞானம் அவ்வளவு ஓங்கி வளர்ந்து பின்பு ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளைக் கண்டித்து எழுதிய நூல் ஆராய்ச்சியின் கதவை அடைத்துவிட்டது என்பது ஒன்று. 1258-ல் ஹூலாகுவின் மங்கோலியப் படைகள் பாக்தாதைச் சூறையாடியதே மூல காரணம் என்பது மற்றொன்று. முதல் விடை பழியை மதத்தின் மேல் போடுகிறது. இரண்டாவது அந்நியர் மேல் போடுகிறது. சரித்திரத்தை ஆண்டு வாரியாக எடுத்துவைத்துப் பார்க்கிறவனுக்கு இரண்டுமே போதா.

கஸ்ஸாலி 1111-ல் மறைந்தார். தத்துவவாதிகளை அவர் கடுமையாகத் தாக்கியது உண்மையே. ஆனால் கிரகணம் நிகழும் விதத்தைக் கணிதம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்ட பிறகும் அதை மதத்தின் பெயரால் மறுக்கப் புகுகிறவன் மதத்துக்கே தீங்கு செய்கிறான் என்று எச்சரித்தவரும் அவரே. அந்த எச்சரிக்கை அதே கண்டன நூலின் முகவுரையிலேயே இருக்கிறது. மங்கோலியர் விளைத்த நாசமும் அளவிடற்கரியது. எனினும் பாக்தாத் வீழ்ந்த மறு ஆண்டிலேயே, அதே ஹூலாகுவின் ஆதரவைப் பெற்று, பாரசீகத்தின் வடமேற்கிலுள்ள மராகாவில் நஸீருத்தீன் தூஸி ஒரு பெரிய வானாராய்ச்சிக்கூடத்தை எழுப்பத் தொடங்கினார். தாலமியின் கிரக சித்தாந்தத்தில் இருந்த முரண்பாடுகளைத் தீர்ப்பதற்கு அவரும் அவரைச் சூழ்ந்திருந்த கணித வித்வான்களும் கண்ட உபாயங்கள், அடுத்து வந்த தலைமுறைகளின் வான சாஸ்திரத்துக்கு வழிகாட்டியாயின.

அந்தப் பரம்பரையின் சிகரமாக நிற்பவர் டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஷாத்திர். 1304-ஐ ஒட்டிப் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தந்தம் பதிக்கும் கைத்தொழிலைக் கற்று வளர்ந்த இவர், பிற்காலத்தில் அந்நகரத்தின் உமையாப் பெரிய பள்ளிவாசலில் முவக்கித் என்னும் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஐவேளைத் தொழுகைக்குரிய நேரங்களைச் சூரியனின் கதியைக் கொண்டு கணித்துச் சொல்வது முவக்கித்தின் கடமை. 1371-ல் பள்ளிவாசலின் மினாராவில் அவர் அமைத்த சூரிய கடிகாரம் சுமார் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சலவைக்கல் பலகை. நிழல் வீழ்த்தும் கம்பியைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தியிருந்தபடியால், கோடையானாலும் குளிர்காலமானாலும் அது காட்டிய மணி சம அளவுள்ள மணியாகவே இருந்தது. அவ்வகைச் சூரிய கடிகாரங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் பழமையானது இதுவே. இந்த முவக்கித்தாம் சந்திரனின் இயக்கத்துக்கு ஒரு புதிய கணித அமைப்பை வகுத்துத் தந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கோபர்நிகஸ் கையாண்ட சந்திர அமைப்பும் அதுவும் கணித ரீதியில் ஒன்றே என்பதை 1957-ல் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் கண்டு வெளியிட்டபோது, கற்றோர் உலகம் வியந்து நின்றது. கஸ்ஸாலி மறைந்து இரண்டரை நூற்றாண்டும், பாக்தாத் பாழ்பட்டு ஒரு நூற்றாண்டும் ஆன பின்னர் நிகழ்ந்த காரியம் இது.

இப்னு ஷாத்திரின் மேதையைப் போலவே அவருடைய சம்பளமும் நம் கவனத்துக்கு உரியது என்று நான் கருதுகிறேன். முவக்கித்துக்கு ஊதியம் அளித்தது பள்ளிவாசலுக்குரிய வக்ஃபு. எந்தக் காலத்திலோ ஒரு செல்வர் இறைவன் பெயரால் எழுதிவைத்த கடைகளின் வாடகையும் தோட்டங்களின் விளைச்சலும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தமையால், அரியணையில் இன்று அமர்ந்திருப்பவர் யார், நாளை அமரப்போகிறவர் யார் என்ற கவலை இன்றி ஒருவர் நிழலையும் நட்சத்திரத்தையும் ஆயுள் முழுதும் அளந்துகொண்டிருக்க முடிந்தது. மராகா நிலையமும், தன்னை ஆதரித்த ஹூலாகு 1265-ல் இறந்தபின் உடனே அவிந்துவிடாமல் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்ததற்கு, வக்ஃபு வருமானத்தைத் தூஸி அதற்குத் திருப்பிவிட்டிருந்ததே முக்கியக் காரணம். மதம் சாஸ்திரத்தின் கழுத்தை நெரித்தது என்று சொல்லுகிறவர்கள், சாஸ்திரம் மிக நீண்ட நாள் உயிரோடு இருந்த இடம் பள்ளிவாசலின் நிழல்தான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மற்ற இடங்களில் அது அரசர்களின் நிழலில் நின்றது. அந்த நிழல் எத்தனை குளிர்ச்சியாக இருந்தது என்பதற்கும், எத்தனை விரைவில் விலகியது என்பதற்கும் சமர்கந்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. தைமூரின் பேரரான உலூக் பேக் ஆட்சியாளராகவும் கணித வல்லுநராகவும் விளங்கினார். அவருடைய சபைக்குக் காஷான் நகரத்திலிருந்து வந்து சேர்ந்த கணித மேதை அல்காஷி, ஊரில் இருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதங்களில், அறிஞர்கள் கூடி விவாதிக்கும் முறையையும், கேட்ட கேள்விக்குச் சிலர் விடை தெரியாமல் விழித்ததையும், மன்னர் குதிரைமீது சென்றுகொண்டே சூரியனின் நிலையை மனக்கணக்காகச் சொன்னதையும் ஒரு மகனுக்குரிய பெருமிதத்தோடு விவரிக்கிறார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அவர் 1424-ல் 16 தசம இடங்கள் வரை கணித்தார். அந்தத் துல்லியத்தை 170 ஆண்டுகளுக்கு மேல் எவரும் தாண்டவில்லை. குன்றின் மேல் எழுந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுடைய வில் ஒன்று பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1437-ஐ ஆதாரமாகக் கொண்டு 1018 நட்சத்திரங்களின் நிலைகளைக் குறித்த அட்டவணை அங்கிருந்துதான் வந்தது.

1449-ல் உலூக் பேக், சொந்த மகனின் தூண்டுதலால் கொலையுண்டார். அதன்பின் அங்கே இருந்த வித்வான்கள் சிதறிப்போனார்கள். அவர்களுள் ஒருவரான அலி குஷ்ஜி அந்த அட்டவணையுடன் மேற்கே சென்று இஸ்தான்புல்லில் அடைக்கலம் புகுந்தார். கூடம் இடிந்து, அதன் இடமே மறந்துபோய், 1908-ல் ஒரு ருஷ்யத் தொல்பொருள் ஆய்வாளர் மண்ணைத் தோண்டியபோது அந்த வில்லின் அடிப்பகுதி மாத்திரம் வெளிப்பட்டது. அத்தனை பெரிய ஸ்தாபனம் ஒரே மனிதரின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின் அதை நடத்தக் கடமைப்பட்ட ஒரு சபை இல்லை, அதற்கென்று ஒரு நிலையான சொத்து இல்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராத் தகீயுத்தீனுக்குக் கட்டிக்கொடுத்த ஆராய்ச்சிக்கூடத்தின் ஆயுள் இன்னும் குறைவு: 1577-ல் செயல்படத் தொடங்கி 1580-ல் அதே சுல்தானின் கட்டளையால் இடிக்கப்பட்டது. அதே காலத்தில் டென்மார்க்கு மன்னரின் தயவில் டைகோ பிராஹே ஹ்வென் தீவில் எழுப்பிய ஆராய்ச்சிக்கூடமும் அரச ஆதரவு போனதும் பாழடைந்து தரைமட்டமாயிற்று. ஆகவே அரசரின் மனம் மாறுவது ஐரோப்பாவிலும் உண்டு. ஆனால் டைகோவின் குறிப்புகள் கெப்ளரின் கைக்கு வந்தன. கெப்ளரின் நூல்கள் அச்சேறின. அச்சேறிய நூல்களைப் படிக்கவும் மறுக்கவும் பல்கலைக்கழகங்கள் இருந்தன. தகீயுத்தீனின் குறிப்புகளோ கையெழுத்துப் பிரதிகளாகவே உறங்கின. முஸ்லிம்களுக்காக அவர்களுடைய எழுத்தில் நூல் அச்சிட உஸ்மானிய அரசு இப்ராஹீம் முத்தஃபர்ரிகாவுக்கு அனுமதி அளித்தது 1727-ல். முதல் நூல் வெளிவந்தது 1729-ல். கூடன்பர்க்கின் அச்சு பிறந்து அதற்குள் முந்நூறு ஆண்டுகளுக்கு அருகில் ஆகிவிட்டிருந்தது. கஸ்ஸாலியின் பேனாவைவிட இந்தத் தாமதம் செய்த தீங்கு அதிகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாக்தாதின் பொற்காலத்தில் கிரேக்க வைத்திய நூல்களை அரபியில் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர்; கணிதத்தில் தலைசிறந்த தாபித் இப்னு குர்ரா ஹர்ரானைச் சேர்ந்த சாபியர்; வான சாஸ்திரத்துக்கு அடிப்படையாக முதலில் வந்தது நம் நாட்டுப் பிரம்மகுப்தரின் சித்தாந்தம். கற்பிக்கிறவனின் மதம் என்னவென்று அன்று எவரும் கேட்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சிக்கு முயன்றவர்கள் இவற்றையெல்லாம் ஓரளவு உணர்ந்திருந்தார்கள். சர் சையத் அகமது கான் 1864-ல் காஜிப்பூரில் ஒரு விஞ்ஞான சங்கம் நிறுவி ஐரோப்பிய நூல்களை உருதுவில் பெயர்க்கச் செய்தார்; 1875-ல் அலிகாரில் அவர் தொடங்கிய பள்ளி கல்லூரியாகி, 1920-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, அவருக்குப் பின்னும் நிற்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம்களும் அவ்வழியே சென்றார்கள். தோல் வியாபாரத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வழங்கிய பெருமக்களின் ஊராகிய வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் புதுக் கல்லூரியும் எழுந்தன. சமூகம் தன் பொருளைக் கொண்டு தானே நிறுத்திய ஸ்தாபனங்கள் இவை. இதே தர்மசிந்தை வகுப்பறையைத் தாண்டிச் சோதனைக்கூடத்துக்கும் வரவேண்டும். ஓர் இளைஞர் பத்து ஆண்டு ஒரே பிரச்சினையில் உழைத்து, முடிவில் ஒன்றும் கிடைக்காமற்போனாலும் அவருடைய அடுப்பு எரியும்படி ஏற்பாடு செய்கிற சாசனங்கள் எழுதப்பட வேண்டும்.

அந்த ஏற்பாடு இல்லாததன் துயரத்தை அப்துஸ் ஸலாமின் வாழ்க்கையில் காண்கிறோம். கேம்பிரிட்ஜில் தேறி 1951-ல் லாகூர் திரும்பிய அந்தப் பௌதிக மேதைக்கு, ஆராய்ச்சியில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாத கல்லூரியில், கால்பந்துக் குழுவை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. 1954-ல் மனமொடிந்து அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்குப் போனார். தம்மைப்போல் தனித்துத் தவிக்கும் ஏழை நாட்டு விஞ்ஞானிகள் சொந்த நாட்டைத் துறக்காமலே உலகத்தோடு தொடர்பு கொள்ளவேண்டும் என்று அவர் கண்ட கனவு 1964-ல் நனவாயிற்று; ஆனால் அந்தச் சர்வதேச நிலையம் அமைந்தது இத்தாலியின் திரியஸ்தேயில். 1974-ல் பாகிஸ்தான் அரசியல் சாசனம் அவர் சார்ந்த அகமதியாப் பிரிவினரை முஸ்லிம்கள் அல்லர் என்று பிரகடனம் செய்தது. 1979-ல் நோபெல் பரிசை ஏற்ற விருந்தில் குர்ஆன் வசனத்தை ஓதியவர், 1996-ல் ரப்வாவில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, அவருடைய கல்லறைக் கல்லிலிருந்து ‘முஸ்லிம்’ என்ற சொல் சுரண்டி எடுக்கப்பட்டது. ஹுனைனையும் தாபித்தையும் மடியில் வைத்துச் சீராட்டிய நாகரிகத்தின் வாரிசுகள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் செய்தார்கள்.

திறமை குறைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. எகிப்தில் பிறந்த அகமது ஸுவைல் 1999-லும், துருக்கியரான அஸீஸ் சஞ்சார் 2015-லும் ரசாயனத்துக்கான நோபெல் பெற்றார்கள். டெஹ்ரானில் பயின்ற மர்யம் மிர்ஸாகானி 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்மணியானார். மூவரும் அப்போது உழைத்துக்கொண்டிருந்தது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்.

இந்நிலையில் எனக்கு நம்பிக்கை தரும் முயற்சி ஒன்று உண்டு. ஜோர்தானில் அல்லான் என்னும் ஊரில் 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட செசமி நிலையம், எலெக்ட்ரான்களை அதிவேகமாக வட்டப்பாதையில் ஓட்டி, அவை உமிழும் ஒளியைக் கொண்டு புரதங்களையும் உலோகங்களையும் தொல்பொருள்களையும் ஆராய்கிறது. பெர்லினில் பணி முடிந்து ஒதுக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை ஜெர்மனி தானமாக அளித்ததில் தொடங்கிய இதில் எகிப்தும் ஈரானும் துருக்கியும் பாகிஸ்தானும் பாலஸ்தீனமும் இஸ்ரேலும் சைப்ரஸும் ஜோர்தானோடு அங்கம் வகிக்கின்றன. தூதர்கள் முகங்கொடுத்துப் பேசாத நாடுகளின் விஞ்ஞானிகள் ஒரே சபையில் அமர்ந்து வரவு செலவைத் தீர்மானிக்கிறார்கள். எந்த ஒரு மன்னரின் கொடையையும் நம்பாமல் உறுப்பு நாடுகளின் ஆண்டுச் சந்தாவால் நடப்பது இது. அப்படி நடப்பதில் கஷ்டமும் உண்டு: இயந்திரத்துக்கான மின்கட்டணமே நிலையத்தை மூழ்கடித்துவிடுமோ என்ற அச்சம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்காக அவர்கள் எந்த அரண்மனை வாசலிலும் ஆண்டுதோறும் போய் நிற்க வேண்டாதபடி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியைப் பெற்று, நிலையத்துக்கென்றே ஒரு சூரிய மின்நிலையத்தை அமைத்து 2019 பிப்ரவரியில் இயக்கிவைத்தார்கள்.