மயக்கத்தின் காரணத்தை எழுதி வையுங்கள்

ஹற்றன், நுவரெலியா மலைகளில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் கைநடுங்கிச் சாய்ந்தால், பசி மயக்கம் என்று சீனித் தண்ணீர் கொடுப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பசியாகவும் இருக்கலாம்; வெறும் தேத்தண்ணியோடு மலையேறினால் இரத்தத்தில் சீனி இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். ஆனால் இரத்தச்சோகையும் மயக்கும், இதயத் துடிப்பின் கோளாறும் வலிப்பும் சாய்க்கும். மருந்தடிப்பவர் விழுந்தால் ஐயம் கூடவேண்டும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிகொல்லி நரம்புச் சமிக்ஞையை அணைக்கும் நொதியை முடக்கிவிடும். தசை துடிக்கும், எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். இந்த வகையைச் சேர்ந்த டைமெதோயேட், பென்தியோன் தடையாயிற்றே என்பார்கள். தடைசெய்யப்பட்டவை சில பெயர்கள்தாம், அந்த வகை முழுவதும் அல்ல.

ஒவ்வொரு மயக்கத்துக்கும் ஆய்வுகூடம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. விரல்நுனித் துளியில் சீனியையும் ஹீமோகுளோபினையும் பார்க்கவும், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் அளக்கவும் சில நிமிடங்கள் போதும். அதைவிடப் பெரிய சான்று, பக்கத்து நிரையில் நின்றவர் கண்டது: எத்தனை நிமிடம் நினைவு தப்பியது, நாக்கைக் கடித்தாரா, காலையில் என்ன சாப்பிட்டார், எந்த மருந்தைத் தெளித்தார்? மனப்பயம்தான் காரணம் என்ற முடிவு இவற்றைக் கேட்டபிறகே வரலாம். தோட்ட நிர்வாகங்களே, வைத்திய உதவியாளர்களே, அந்த நான்கு பதில்களையும் எழுதி, நோயாளியோடு டிக்கோயா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.