காயலான் கடை ட்ரெய்லரும் நம்ம மூச்சும்

பழைய வண்டி உதிரிகளை வாங்கி நாமே ஒரு கேம்பிங் ட்ரெய்லர் கட்டிக்கலாமான்னு போன ஒரு மாசத்துல மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. டாக்டர்கிட்ட ஏன் இதைக் கேக்கறாங்கன்னு யோசிக்காதீங்க. என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இப்போ கட்டிட்டு இருக்கான். அவன் போட்ட போட்டோவுல ஓரமா நான் நிக்கிறேன். அவ்வளவுதான் காரணம்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கட்டுங்க. நல்ல விஷயம். இரும்பு பழசா இருக்கலாம், ஆக்ஸில் பழசா இருக்கலாம். ஆனா மூச்சு சம்பந்தப்பட்ட எதுலயும் பழசும் மலிவும் வேண்டாம். உங்க மூச்சு மட்டுமில்ல, அதை வெல்டிங் பண்ணித் தர்றவரோட மூச்சும் சேர்த்துத்தான். நீளமா இருக்கும், பொறுமையாப் படிங்க.

🧵👇

முதல்ல இதுல எனக்குப் பிடிச்ச பகுதி. இது ஒன்னும் புது ஐடியா இல்ல. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்க ராணுவ ஜீப்புக்குப் பின்னாடி கால் டன் ட்ரெய்லர் ஒன்னை இழுத்துட்டுப் போனாங்க. அதுல ஜீப்போட சக்கரமே மாட்டியிருக்கும். காட்டுக்குள்ள டயர் போச்சுன்னா ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும். கரடுமுரடான பாதைக்கு ட்ரெய்லர் கட்டறவங்க இன்னைக்கும் முதல்ல பார்க்கறது இதைத்தான்.

என் நண்பனும் அதேதான் செஞ்சான். அவன் ஓட்டறது பழைய ஜிப்ஸி. அதனால கழிச்சுக்கட்டின இன்னொரு ஜிப்ஸியோட பின் ஆக்ஸிலை உக்கடத்துல தேடிப் பிடிச்சான், கூடவே லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும். வீட்டு கேட் கட்டி மிஞ்சின ஜிஐ பைப்ல ஃபிரேம். படுக்கைக்குப் பழைய பஸ் சீட் ஸ்பாஞ்ச். சென்னையில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புதுப்பேட்டையில ஒரு நாள் சுத்தினா கிடைச்சிடும்.

ஆரம்பத்துல அவன் போட்ட பிளான்ல இருநூறு லிட்டர் தண்ணி டேங்க், மேல இரும்புக் கூரை, ஜெனரேட்டர், ஏசி எல்லாம் இருந்துச்சு. ஜிப்ஸியே ஏறக்குறைய ஒரு டன் எடைதான்டா, பின்னாடி இன்னொரு டன்னைக் கட்டினா கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்போ யார் யாரைத் தள்ளுவாங்கன்னு கேட்டேன். அப்புறம் பாதியாக் குறைச்சான்.

ஒரு நாள் என் கிளினிக் எடை மெஷினைக் கடன் கேட்டான். எதுக்குன்னா, ட்ரெய்லரோட மூக்குப் பகுதி இழுக்கற வண்டி மேல எவ்வளவு எடை கொடுக்குதுன்னு பார்க்க. மொத்த எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் அங்க இறங்கணும். 400 கிலோ ட்ரெய்லர்னா 40 முதல் 60 கிலோ. பின்பக்கம் கனமாகி மூக்கு லேசானா, வேகத்துல ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிடும். முதல் தடவை வச்சுப் பார்த்தப்போ 18 கிலோதான் காட்டுச்சு. தண்ணி டேங்கை முன்னாடி நகர்த்தினான். என் மெஷின் இப்போ ரெண்டு கிலோ கூடுதலாக் காட்டுது, பேஷண்ட்டுங்க கோவிச்சுக்கறாங்க. 😀

இப்போ விஷயத்துக்கு வரேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, கிளினிக் மூடற நேரம். அந்தப் பட்டறையில வெல்டிங் பண்ற அண்ணன் வந்தார். நல்ல குளிர் காய்ச்சல், உடம்பு வலி, இருமல், நெஞ்சு இறுக்கம். டெங்கு சீசன். நானும் டெங்கு டெஸ்ட் எழுதப் பேனாவை எடுத்துட்டேன். அப்போ அவரே சொன்னார்: "வாயெல்லாம் செப்புக் காசைச் சப்புன மாதிரி இருக்குதுங்க டாக்டர்."

பேனாவைக் கீழ வச்சிட்டேன். இன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டேன். காலையில இருந்து ஜிஐ பைப் வெல்டிங். எங்க? மழை தூறினதால ஷட்டரை முக்கால்வாசி இறக்கிட்டு உள்ளயே. முகத்துல? கர்ச்சீப்.

ஜிஐ பைப்னா துத்தநாகம் பூசின இரும்பு. வெல்டிங் சூட்டுல அந்தப் பூச்சு ஆவியாகி வெள்ளைப் புகையா வரும். அந்தப் புகையில இருக்கற துத்தநாக ஆக்சைடு துகள் நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, சில மணி நேரம் கழிச்சுக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில உலோக ருசி எல்லாம் வரும். உலோகப் புகைக் காய்ச்சல்னு சொல்லலாம். பெரும்பாலும் ஒன்னு ரெண்டு நாள்ல தானாவே சரியாகிடும். ஆன்டிபயாடிக் தேவையில்ல. வார நாள்ல தொடர்ந்து சுவாசிக்கறப்போ உடம்பு கொஞ்சம் பழகிக்கும். ஞாயிறு லீவு விட்டுட்டுத் திங்கள் வேலைக்கு வந்தா மறுபடி காய்ச்சல். அதனால திங்கட்கிழமைக் காய்ச்சல்னே இதுக்கு ஒரு பேர் உண்டு.

அவரோட ஆக்சிஜன் அளவு, நெஞ்சு சத்தம் எல்லாம் நல்லா இருந்துச்சு. பாராசிட்டமால் கொடுத்து, மூச்சு வாங்கினா உடனே வரணும்னு சொல்லி அனுப்பினேன். மூணாம் நாள் தெளிவாயிட்டார்.

கிளம்பறப்போ, "நான் தினமும் பால் குடிச்சிடறனுங்க, ஒன்னும் ஆகாது"ன்னார். வெல்டிங் அடிக்கிறவங்க நிறைய பேர் இதை நம்பறாங்க. பால் குடிங்க, நல்லது. ஆனா பால் போறது வயித்துக்கு. புகை போனது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் வேற வேற பாதை.

அவர் போனப்புறம் எனக்கு உறுத்தினது இதுதான். என் நண்பன் வருஷத்துல நாலு ராத்திரி அந்த ட்ரெய்லர்ல தூங்குவான். அதைக் கட்டினவர் வருஷத்துல முந்நூறு நாள் அந்தப் புகையில நிக்கிறார். பழைய பைப்ல மிச்சம் பிடிச்ச காசு எங்க இருந்து வந்துச்சு? பட்டறையில ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாததுல இருந்தும்தான் கொஞ்சம் வந்திருக்கு. கூலி பேசறப்போ நாம இதைக் கேக்கறதே இல்ல.

கேளுங்க. வெல்டிங் பண்ற இடத்துல ரெண்டு இஞ்சுக்குத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டர்ல எடுத்துட்டு அடிக்கச் சொல்லுங்க. அதுக்கு ஆகற கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுங்க. வெளியில வச்சு, காத்து பக்கவாட்டுல போற மாதிரி நின்னு அடிக்கட்டும். கர்ச்சீப் வேலைக்கு ஆகாது, முகத்துல சரியாப் பொருந்தற என்95 மாஸ்க்காவது வாங்கிக் கொடுங்க. கொரோனாவுல பெட்டி பெட்டியா வாங்கினோமே.

பழைய பிரேக் டிரம்மைக் கழட்டினதும் ஏர் அடிச்சுத் தூசியை ஊதுவாங்க பாத்திருக்கீங்களா? அதைத் தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க. பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்ம நாட்டுல அதுக்கு இன்னும் முழுத் தடையும் இல்ல. இன்னைக்கு உள்ள போற நார் இருபது, முப்பது வருஷம் கழிச்சுப் புற்றுநோயா வரலாம். சிகரெட்டும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு. ஈரத் துணியால துடைச்சு, அந்தத் துணியைக் கவர்ல கட்டித் தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சது. அதே மாதிரி பிரேக் கிளீனர் ஸ்ப்ரே சிலதுல குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது காயறதுக்குள்ள வெல்டிங் வச்சா ஃபாஸ்ஜீன் வாயு உருவாகும். முதல் உலகப் போர்ல ஆயுதமாப் பயன்பட்ட அதே வாயு. அப்போதைக்கு லேசா இருமல் வந்து நின்னுடும், பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அதனால "சரியாப் போச்சு"ன்னு வீட்டுக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

(கண்ணுல ஆர்க் பட்டு ராத்திரி மணல் விழுந்த மாதிரி உறுத்தினா தாய்ப்பால், உருளைக்கிழங்குன்னு வைக்காதீங்க. மெடிக்கல்ல மரத்துப்போற சொட்டு மருந்தையும் வாங்கித் திரும்பத் திரும்ப ஊத்தாதீங்க, கருவிழி கெட்டுடும். இதுக்குத் தனி த்ரெட் போடறேன்.)

சரி, ட்ரெய்லர் கட்டியாச்சு. இனிமேதான் உங்க மூச்சு.

2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரமா நின்ன ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஞாபகம் இருக்கா? ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ள புகுந்ததுதான் காரணம்னு ஆய்வுல தெரிஞ்சது. அது தொழில்முறையாக் கட்டின வண்டி. நாம கட்டப்போறது ஓட்டை உடைசலை ஒட்டவச்ச பெட்டி.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்ல, வாசனையில்ல. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜன் சேர்ற இடத்துல, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், தலைச்சுத்தல், அசதி. மலை ஏறினதால, ரோட்டுக் கடை பிரியாணியாலன்னு நாமே ஒரு காரணம் சொல்லிட்டுப் படுத்துடுவோம். படுத்தவங்க எழுந்திருக்க மாட்டாங்க. ஒரே நேரத்துல கூட இருக்கற எல்லாருக்கும் தலைவலின்னா முதல் சந்தேகம் இதுதான்.

வீட்டுல இருக்கற பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் அது நல்ல ஆக்சிஜன் ஏறின ரத்தம்னே படிக்கும். ஆள் மயங்கிட்டு இருப்பார், மெஷின் 98 காட்டும். உடனே வெளிக்காத்துக்கு இழுங்க, 108-ஐக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்ட "மூடின பெட்டிக்குள்ள அடுப்பு எரிஞ்சது, ஜெனரேட்டர் ஓடினது"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சாதாரணக் காத்துல இந்த விஷம் பாதியாக் குறைய நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒன்னு, ஒன்றரை மணி நேரம்தான். அந்த வித்தியாசத்துலதான் உயிர் இருக்கு.

அதனால ட்ரெய்லருக்குள்ள கரி அடுப்பு, கணப்பு, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சிருக்கேன்"ங்கறதும் செல்லாது. சமையல் வெளியில. ஜெனரேட்டர் தள்ளி, புகைக்குழாய் ட்ரெய்லருக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கணும். தரைப் பலகையில ஒயருக்குப் போட்ட ஓட்டையெல்லாம் அடைக்கணும். ஆனா கீழயும் மேலயும் ஒவ்வொரு காத்து வழி கண்டிப்பா வேணும், ஏன்னா சமையல் கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். சிலிண்டர் வெளிப்பெட்டியில இருக்கட்டும். 2023 ஆகஸ்ட்ல மதுரையில நின்னுட்டு இருந்த சுற்றுலா ரயில் பெட்டியில சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் போனாங்க. நம்ம ட்ரெய்லர் அதுல கால்வாசி கூட இருக்காது. பஸ் சீட் ஸ்பாஞ்ச் எரிஞ்சா அதுலயும் கார்பன் மோனாக்சைடு, சயனைடு வாயு. கதவு உள்ளிருந்து ஒரு கையில திறக்கணும், ரெண்டாவதா வெளியேற ஒரு வழியும் இருக்கணும்.

படுக்கை பக்கத்துல, மூக்கு இருக்கற உயரத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். கேஸ் அலாரம் வேற, அது தரை ஓரமா. இது ரெண்டும் கேஸ் ட்யூபும் டயரும் காயலான் கடையில வாங்கக் கூடாது. புதுசு. பில்லோட.

சட்டம் பத்தி ரெண்டு வரி. ட்ரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிதான், பதிவு வேணும். 1988 சட்டத்தோட 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்தறதை அனுமதிக்காது. வெல்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல விசாரிச்சிடுங்க. கட்டி முடிச்சிட்டுப் போய் நின்னா ரொம்பக் கஷ்டம். பழைய உதிரிக்குப் பில் வாங்குங்க, திருட்டு வண்டி ஆக்ஸில் உங்க வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது.

நண்பனோட வண்டி இப்போ பெயிண்ட் அடிக்கற கட்டத்துல இருக்கு. பட்டறையில ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாச்சு, அதுவும் உக்கடத்து சரக்குதான். வெல்டர் அண்ணன் மாஸ்க் போடறார், ஆனா டீ குடிக்க இறக்கினா மறுபடி ஏத்த மறந்துடறார். பேப்பர் வேலை முடிஞ்சதும் முதல் ட்ரிப் கொல்லிமலையாம், என்னையும் கூப்பிட்டிருக்கான். அலாரம் வாங்கின பில்லை வாட்ஸப்ல அனுப்புடா, அப்புறம் வர்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் வரல.